வெயில் நாட்டு மண்

லண்டனுக்கு வடக்கே ரோதம்ஸ்டெட் என்ற இடத்தில் ஒரு வேளாண் ஆய்வு நிலையம் இருக்கிறது. 1843-ல் தொடங்கிய வயல் சோதனைகள் அங்கே இன்றும் நடக்கின்றன. அவற்றில் ஹூஸ்ஃபீல்டு என்னும் பார்லி வயலின் கதை தோட்டம் வைத்திருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1852 முதல் 1871 வரை அந்த வயலின் ஒரு துண்டுக்கு ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழு உரம் போட்டார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். அதன்பின் ஒரு கூடை எருகூட அங்கே விழவில்லை. நூறு ஆண்டுகள் கழித்து மண்ணை எடுத்துச் சோதித்தபோது, எருவே காணாத துண்டைவிட அதில் கரிமப் பொருள் கூடுதலாக இருந்தது. விக்டோரியா மகாராணி காலத்து மாட்டுச் சாணத்தின் மிச்சம் அந்த மண்ணில் இன்னும் கரையாமல் கிடந்தது.

இதே நிலையத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்சன், நைஜீரியாவின் இபாதான் நகரில் பணியாற்றிய அயனாபாவுடன் சேர்ந்து 1977-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கார்பன்-14 ஏற்றி வளர்த்த ரைகிராஸ் புல்லை இபாதான் மண்ணோடு கலந்து, அது மக்குவதைக் கணக்கெடுத்தார்கள். ரோதம்ஸ்டெட்டில் அதேபோல் எடுத்த கணக்கு ஏற்கெனவே கையில் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டால், மக்கும் விதம் ஒன்றுதான். வேகம் மட்டும் இபாதானில் நான்கு மடங்கு. குளிர்நாட்டில் நான்கு ஆண்டுகளில் கரைவது வெப்பநாட்டில் ஓராண்டில் கரைந்துபோகிறது. இபாதானின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 26 டிகிரி செல்சியஸ். சென்னையும் மதுரையும் அதைவிடச் சூடான ஊர்கள்.

நம் தோட்டங்களுக்கு இன்னொரு கூடுதல் வேகமும் உண்டு. மானாவாரிக் காடு கோடையில் காய்ந்துகிடக்கும். ஈரம் இல்லாவிட்டால் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும், மக்குவதும் நின்றுவிடும். வீட்டுத் தோட்டத்தில் சித்திரை வெயிலிலும் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறோம். சூடும் ஈரமும் ஒருசேரக் கிடைக்கிற அந்தப் பாத்தியில் ஆண்டு முழுக்க ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் கரிமப் பொருள் கரைகிறது. தையில் ஒரு வண்டி எரு அடித்துவிட்டு ஆவணியில் வந்து பார்ப்பவர்கள், போட்டதெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்பது இதனால்தான். பெரும்பகுதி கரியமில வாயுவாகக் காற்றோடு போய்விட்டது.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை. மக்குவது நஷ்டமாகத் தெரியலாம். செடிக்குச் சோறு வருவதே அதிலிருந்துதான். இலையிலும் சாணத்திலும் பூட்டிக்கிடக்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும் கந்தகமும் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்னும்போதுதான் வேர் உறிஞ்சக்கூடிய வடிவுக்கு வருகின்றன. எருவை அப்படியே பாதுகாத்து வைக்க முடிந்தால் செடி பட்டினிதான் கிடக்கும். ரோதம்ஸ்டெட் மண் ஒரு பத்தாயம் என்றால், நம் மண் ஒரு வாய்க்கால். வாய்க்காலில் சேமிக்க முடியாது. ஓட்டம் நிற்காமல் பார்த்துக்கொள்ள முடியும். எருவைக் கொட்டிக் கிளறிவிட்டால் மண் பண்பட்டுவிடும் என்று சொல்லும் குளிர்நாட்டுத் தோட்டக் கலை நூல்களை அப்படியே பின்பற்றுவோர் நம் ஊரில் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான்.

இங்கே விவசாயம் பார்த்தவர்கள் செய்துவந்ததை இந்தக் கண்ணோடு பார்த்தால் எல்லாம் விளங்கும். அறுப்பு முடிந்த தாளடியில் கிடை போடுவார்கள்; ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தைகளைக் காவிரிப் படுகை வரைக்கும் ஓட்டி வருவார்கள். கோடையில் குளத்து வண்டலை அள்ளி வயலில் கொட்டுவார்கள். கொளுஞ்சியும் சணப்பும் விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவார்கள். வேலியோரத்து எருக்கையும் ஆவாரையையும் புங்கன் தழையையும் வெட்டிச் சேற்றில் மிதிப்பார்கள். இவற்றில் எதையும் ஒருமுறை செய்துவிட்டுப் பத்து வருஷம் சும்மா இருந்தவர் இல்லை. ஒவ்வொரு போகத்துக்கும் ஏதோ ஒன்று மண்ணுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

நல்ல மண் என்றால் என்ன என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. தோட்டத்திலிருந்து நெல்லிக்காய் அளவு மண்கட்டி ஒன்றை எடுத்து நிழலில் நன்றாகக் காயவையுங்கள். யாரும் அதிகம் மிதிக்காத ஒரு மரத்தடியிலிருந்தும் அதே அளவு கட்டி எடுத்துக் காயவையுங்கள். இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் நிரப்பி, கட்டிகளை மெதுவாக உள்ளே இறக்குங்கள். அடிக்கடி கொத்திவந்த பாத்தியின் கட்டி பெரும்பாலும் ஓரிரு நிமிஷத்தில் பொலபொலவென்று உதிர்ந்து தண்ணீரைக் கலக்கிவிடும். மரத்தடிக் கட்டி நெடுநேரம் உடையாமல் நிற்கும்.

காய்ந்த கட்டிக்குள் தண்ணீர் பாயும்போது உள்ளே இருக்கும் காற்று சிக்கிக்கொண்டு அழுந்துகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்கும் பிசின் கட்டிக்குள் இருந்தால் அது நிற்கும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். பிசின் எங்கிருந்து வருகிறது? பாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றிச் சுரக்கும் கோழை களிமண் துகள்களைச் சின்னச் சின்ன மணிகளாக ஒட்டுகிறது. அந்த மணிகளைப் பூஞ்சை இழைகளும் மெல்லிய வேர்களும் சுற்றிக் கட்டிப் பெரிய பொருக்குகளாக்குகின்றன. டிஸ்டால், ஓட்ஸ் என்ற இருவர் 1982-ல் விளக்கிய இந்த அடுக்கமைப்பு இன்றும் மண்ணியலின் அடிப்படைப் பாடம். பொருக்குக்குள் இருக்கும் நுண்துளை தண்ணீரைப் பிடித்துவைக்கும். பொருக்குகளுக்கு நடுவே இருக்கும் பெரிய துளை காற்றை விடும். ஐப்பசி அடைமழை கொட்டினாலும் நீர் தேங்காமல், விட்ட பிறகு ஒரு வாரம் வெயிலடித்தாலும் வேர் வாடாமல் காப்பது இந்த இரண்டு வகைத் துளைகளும்தான். ஒரு மூட்டை யூரியாவில் தழைச்சத்து கிடைக்கும், துளை கிடைக்காது.

இந்தப் பிசினும் நிரந்தரம் இல்லை. நுண்ணுயிர்கள் அதையும் தின்றுவிடும். முன்பெல்லாம் ‘ஹியூமஸ்’ என்ற, எளிதில் அழியாத ஒரு கறுப்புப் பொருள் மண்ணில் தானாக உருவாகி நெடுங்காலம் கிடக்கும் என்று பாடப்புத்தகங்கள் சொல்லின. ஜோஹன்னஸ் லேமானும் மார்க்குஸ் கிளெபரும் 2015-ல் எழுதிய கட்டுரை அந்தக் கருத்தை வலுவாக மறுத்தது. மண்ணில் இருப்பது ஓயாமல் உடைந்துகொண்டிருக்கும் பொருள்களின் வரிசை. நீடித்து நிற்பது களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டோ, பொருக்குக்குள் ஒளிந்துகொண்டோ தப்பிக்கும் பகுதி மட்டுமே என்பது அவர்கள் வாதம். அப்படித் தப்புவதில் கணிசமான பங்கு, செத்துப்போன நுண்ணுயிர்களின் உடல் மிச்சம். ஆகவே மண்ணில் கரிமம் தங்க வேண்டுமானால் அங்கே உயிர்கள் நிறையப் பிறந்து நிறையச் சாக வேண்டும். அவற்றைக் கிளறாமலும் சுடாமலும் பட்டினி போடாமலும் வைத்திருப்பதுதான் தோட்டக்காரர் செய்யக்கூடிய வேலை.

சுடாமல் வைப்பதிலிருந்து தொடங்கலாம். நம் கோடையில் வெறும் தரையின் மேல்பரப்பு மதியத்தில் 50 டிகிரியைத் தாண்டும். செருப்பில்லாமல் அந்த மண்ணில் ஒரு நிமிஷம் நிற்க முடியாது. அதில்தான் மேல்வேர்கள் வாழவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அதன்மேல் அரைச் சாண் முதல் ஒரு சாண் உயரத்துக்கு மூடாக்குப் போட்டுவிட்டு, மறுநாள் மதியம் அடியில் கையை விட்டுப் பாருங்கள். குளிர்ந்திருக்கும், ஈரமாயிருக்கும். மழைக்காலத்தில் இதற்கு இன்னொரு பயன். பெரிய மழைத்துளி வெறும் மண்ணில் விழுந்தால் பொருக்கை உடைத்து, நுண்துகளைத் துளைகளில் அடைத்துவிடும். வெயில் வந்ததும் அது ஓடுபோல இறுகும். மூடாக்கு அந்த அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது.

எதைப் போடுவது என்று தேடி அலைய வேண்டாம். வைக்கோல், கரும்புச் சோகை, காய்ந்த வாழை இலை, நறுக்கிய தென்னங்கீற்று, நிலக்கடலைத் தோல், தெருவில் உதிரும் புங்கன், வேம்பு, வாகை இலை என எது கிடைக்கிறதோ அது. வாசலில் கூட்டிய சருகை மூலையில் குவித்துத் தீ வைக்கும் பழக்கத்தை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். எரித்தால் கரிமமும் தழைச்சத்தும் புகையாகப் போய், மிஞ்சுவது காரத்தன்மையுள்ள சாம்பல். கொங்கு வட்டாரத்திலும் தென் மாவட்டக் கரிசலிலும் மண் ஏற்கெனவே சுண்ணாம்பும் காரமும் மிகுந்தது. அதில் மேலும் சாம்பல் கொட்டினால் செடிக்கு இரும்புச் சத்து கிடைப்பது இன்னும் கடினமாகி, இளந்தளிர் நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்ற இடம் மஞ்சளாகும். புளித்த மண்ணுள்ள குளிர்நாடுகளுக்குச் சொன்ன சாம்பல் வைத்தியம் இங்கே பல இடங்களில் நோயைக் கூட்டும்.

மூடாக்கு என்றதும் இரண்டு அச்சங்கள் எழும். காய்ந்த சருகு மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும் என்பது ஒன்று. இது பாதி உண்மை. நுண்ணுயிரின் உடலில் கரிமமும் தழைச்சத்தும் ஏறத்தாழ 8-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. தின்றதில் மூன்றில் இரண்டு பங்கு கரிமத்தை அது மூச்சாக வெளியே விடுகிறது. ஆக, 24 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து உள்ள உணவுதான் அதற்குச் சரியான அளவு. வைக்கோலில் இது 80-க்கு 1 அளவில் இருக்கிறது. மரத்தூளில் சில நூறுக்கு 1. அவற்றை மண்ணோடு கலந்தால், குறைகிற தழைச்சத்தை நுண்ணுயிர்கள் வேரிடமிருந்து பறித்துக்கொள்ளும், செடி வெளிறிப்போகும். கலக்காமல் மேலே பரப்பினால், மண்ணைத் தொடும் மெல்லிய அடுக்கில் மட்டுமே இந்தப் போட்டி நடக்கும். வேர்கள் அதற்குக் கீழே இருக்கின்றன. ஆகவே சருகை மேலே போடுங்கள், உள்ளே புதைக்காதீர்கள்.

இன்னோர் அச்சம் கரையான். மூடாக்குப் போட்டால் கரையான் வரும், அது உண்மைதான். ஆனால் நம் நாட்டுக் கரையான்கள் பெரும்பாலும் தேடிவருவது செத்த பொருளை. கோடையில் மண்புழுக்கள் ஈரம் தேடி ஆழத்துக்குப் போய் ஒடுங்கிக்கொள்ளும் மாதங்களில், சருகை நறுக்கி மண்ணுக்குள் கொண்டுபோவதும், மண்ணில் துளையிட்டு மழைநீருக்கு வழிவிடுவதும் கரையான்களே. நீர் இல்லாமல் வாடி நிற்கும் கன்றுகளை அவை தாக்கக்கூடும். அதனால் தண்டிலிருந்து ஒரு கையகலம் தள்ளியே மூடாக்கைப் போட வேண்டும். அடைமழைக் காலத்தில் நத்தைகள் அதில் ஒளிந்துகொண்டு நாற்றுகளைக் கடிக்கும். அந்த வாரங்களில் சிறு நாற்றுகளைச் சுற்றி மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

மண்புழுவைப் பற்றி இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். சார்லஸ் டார்வின் தம் கடைசி நூலை, 1881-ல், மண்புழுக்களைப் பற்றித்தான் எழுதினார். தம் வீட்டருகே ஒரு வயலில் 1842-ல் சுண்ணாம்புக் கற்களைப் பரப்பச் செய்து, 29 ஆண்டுகள் காத்திருந்து, 1871-ல் பள்ளம் வெட்டிப் பார்த்தார். கற்கள் ஏழு அங்குலம் கீழே கிடந்தன. அத்தனை மண்ணையும் புழுக்கள் கழிவாக மேலே கொண்டுவந்து போட்டிருந்தன. இங்கிலாந்தின் பல இடங்களில் ஏக்கருக்கு ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் வயிற்றினூடே போகிறது என்று அவர் கணக்கிட்டார். நம் ஊர் மண்புழுக்களை ஆராய்ந்து பரப்பியவர்களில் முதன்மையானவர் சென்னை புதுக்கல்லூரியில் பணியாற்றிய சுல்தான் அகமது இஸ்மாயில். லாம்பிட்டோ மௌரிட்டி என்ற உள்நாட்டுப் புழு மேலும் கீழுமாக வளை அமைத்து, மேலே வந்து தின்று, கீழே போய்த் தங்கும் வகை. மண்ணைத் துளைத்துக் காற்றும் நீரும் இறங்கச் செய்வது இதுபோன்ற புழுக்கள்தாம். மண்புழு உரத் தொட்டிகளுக்காக விற்கப்படும் ஆப்பிரிக்கப் புழுவும் சிவப்புப் புழுவும் மக்கும் குப்பையில் வாழ்கிறவை. தொட்டியில் அவை அருமையாக வேலை செய்யும். விலைக்கு வாங்கி வெறும் தோட்ட மண்ணில் விட்டால் நிலைக்காது. நிழலும் ஈரமும் சருகும் கொடுங்கள், உள்ளூர்ப் புழு தானே வரும்.

இனி வேர். மண்ணைப் பற்றிப் பேசும்போது மேலிருந்து போடுவதைப் பற்றியே பேசுகிறோம். மண்ணுக்குள்ளிருந்தே உணவு கொடுப்பது வேர். இலையில் தயாராகும் சர்க்கரையில் ஒரு பகுதியை ஒவ்வொரு செடியும் வேர்வழியாக மண்ணில் கசியவிடுகிறது. அந்தக் கசிவை நம்பி வேரைச் சுற்றிக் கூடும் நுண்ணுயிர் மண்டலத்தை ஜெர்மானிய அறிஞர் லோரன்ஸ் ஹில்ட்னர் 1904-லேயே தனித்து அடையாளம் காட்டினார். வேரிலிருந்து வரும் கரிமம், இலை தண்டிலிருந்து வருவதைவிட ஏறத்தாழ 2.4 மடங்கு நீண்ட காலம் மண்ணில் தங்குகிறது என்று 2005-ல் டேனியல் ராஸும் உடன் ஆய்வு செய்தவர்களும் பல சோதனைகளைத் தொகுத்துக் காட்டினார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே: வேர் செத்து மக்குவது பொருக்குக்குள், களிமண்ணோடு ஒட்டிய இடத்தில். இதை அறிந்த பிறகு நான் காய்ப்பு ஓய்ந்த கத்தரியையும் வெண்டையையும் பிடுங்குவதில்லை. தரையோடு அறுத்து, தண்டை மூடாக்காகப் போட்டு, வேரை அப்படியே விட்டுவிடுகிறேன்.

வேரோடு சேர்ந்து வாழும் வேர்ப்பூஞ்சையும் இதில் பங்காளி. அதன் இழை வேர்த்தூவியைவிட மெலிது. வேர் எட்டாத துளைகளுக்குள் நுழைந்து மணிச்சத்தையும் நீரையும் கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். நிலத்தாவரங்களில் மிகப் பெரும்பாலானவை இந்தக் கூட்டில் சேர்ந்தவை. சேராத சில குடும்பங்கள் உண்டு. முள்ளங்கி, முட்டைக்கோஸ், கடுகு ஆகியவற்றின் குடும்பம் ஒன்று. தண்டுக்கீரை, சிறுகீரை, பீட்ரூட் அடங்கிய கீரைக் குடும்பம் இன்னொன்று. நம் வீடுகளில் ஒரே பாத்தியில் கீரை மாற்றிக் கீரை விதைத்துக்கொண்டே இருப்போம். அந்தப் பாத்தியில் வேர்ப்பூஞ்சை துணையில்லாமல் மெலிந்துவிடும். கீரைக்கு நடுநடுவே ஒரு வெண்டை, ஓர் அவரை, நாலு மக்காச்சோளம் நட்டால் அது பிழைத்துக்கொள்ளும். அடிக்கடி மண்வெட்டியால் கொத்தினால் அதன் வலை அறுந்துபோகும். கட்டட இடிபாடு கொட்டி இறுகிப்போன மனை என்றால் முதல் தடவை கடப்பாரை போட்டுத் தளர்த்தித்தான் ஆக வேண்டும். அதற்குப் பிறகு நாற்று நடும் குழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெறுமனே கிடக்கும் பாத்திக்கு நம்மிடம் உள்ள மிகச் சிறந்த மருந்து பல தானிய விதைப்பு. தமிழ்நாட்டில் இதை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தவர்களில் நம்மாழ்வார் ஐயா முக்கியமானவர். சோளம், கம்பு, தினை போன்ற தானியங்கள். உளுந்து, தட்டை, கொள்ளு போன்ற பயறுகள். எள், ஆமணக்கு, நிலக்கடலை. மல்லி, கடுகு, வெந்தயம். சணப்பு, தக்கைப்பூண்டு, கொளுஞ்சி என ஐந்து வகையிலும் நான்கைந்து விதைகளைக் கலந்து தூவி, ஐம்பது அறுபது நாளில் பூவெடுத்ததும் மடக்கிவிடுவது. சணப்பு மட்டும் போட்டால் அது இளந்தழை. இரண்டு மூன்று வாரத்தில் மக்கிச் சத்தைக் கொடுத்துவிட்டு மிச்சமில்லாமல் போய்விடும். சோளத் தட்டையும் கம்பு வேரும் சேரும்போது மக்கும் வேகம் மட்டுப்படுகிறது. சல்லிவேர், ஆணிவேர் என ஒவ்வொரு ஆழத்திலும் வேர் இறங்குகிறது. பயறுச் செடி ஒன்றைத் தோண்டி, வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இல்லை.

மக்கு உரத்தைப் பற்றித் தனியாக நிறையச் சொல்லத் தேவையில்லை. மேலே சொன்ன 24-க்கு 1 கணக்கே போதும். சருகு மூன்று பங்குக்குச் சமையலறைக் கழிவோ பச்சைத் தழையோ ஒரு பங்கு, இடையிடையே சாணக் கரைசல், பிழிந்தால் சொட்டாத அளவு ஈரம், அவ்வப்போது ஒரு புரட்டு. ஆனால் இன்று உலகம் முழுக்கச் செய்யப்படும் மக்கு உரத்தின் முறையான வடிவம் இந்தியாவில் பிறந்தது என்பதைச் சொல்லாமல் போகக் கூடாது. 1905-ல் பீகாரின் பூசாவுக்கு அரசுத் தாவரவியலாளராக வந்த ஆல்பர்ட் ஹாவர்டு, மனைவி கேப்ரியேலுடன் இந்திய உழவர்களிடம் கற்றுக்கொண்டு, 1924 முதல் இந்தூர் நிலையத்தில் அதை ஒழுங்குபடுத்தினார். உடன் உழைத்த யஷ்வந்த் வாடுடன் சேர்ந்து 1931-ல் நூலாக வெளியிட்டார். கோடையில் ஈரம் காக்க ஆழமில்லாத குழி, மழைக்காலத்தில் நீர் தேங்காதிருக்கத் தரைமேல் குவியல் என்று பருவத்துக்கேற்ப மாற்றிச் செய்யச் சொன்ன முறை அது. மூன்று மாதத்தில் உரம் தயார். நம் வெப்பம், எருவைக் கரைக்கும் அதே வேகத்தில், எருவைச் செய்தும் கொடுக்கிறது.

சாணமும் கோமியமும் கொண்டு செய்யும் ஜீவாமிர்தம், அமுதக்கரைசல், பஞ்சகவ்யம் போன்ற கரைசல்களைப் பற்றி அளவோடு பேச வேண்டும். ஓர் ஏக்கருக்கான 200 லிட்டர் ஜீவாமிர்தத்தில் போகும் பத்து கிலோ சாணம், பத்து லிட்டர் கோமியம், இரண்டு கிலோ பயறு மாவு எல்லாம் சேர்ந்து தருகிற தழைச்சத்து சில நூறு கிராம். ஓர் ஏக்கர் நெல் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்வதோ முப்பது, நாற்பது கிலோ. ஆகவே அதை உரமாக நினைத்தால் கணக்கு இடிக்கும். வெல்லத்திலும் மாவிலும் பெருகிய நுண்ணுயிர்களை, தின்னச் சருகு இருக்கும் மண்ணில் ஊற்றினால் அவற்றுக்கு அங்கே வேலை இருக்கிறது. வெறும் மண்ணில் ஊற்றினால் அவை பசியால் சாகும். முதலில் மூடாக்கு, அதன்மேல் கரைசல். வரிசை மாறக் கூடாது.

மாடித்தோட்டத்தில் கரிமத்தின் இந்த ஓட்டம் கண்ணுக்கு நேராகவே தெரியும். தென்னை நார்க்கழிவும் உரமும் கலந்து விளிம்பு வரை நிரப்பிய பை, ஒரு வருஷத்தில் நாலு விரல் இறங்கியிருக்கும். இறங்கியதில் நல்ல பங்கு மக்கிப்போன கரிமம். நார்க்கழிவில் கரிமம்–தழைச்சத்து விகிதம் 100-க்கு மேல், உப்பும் உண்டு. கழுவி மக்கவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். செம்மண்ணோ வண்டலோ மூன்றில் ஒரு பங்காவது கலந்தால், கரிமம் ஒட்டிக்கொள்ளக் களிமண் இருக்கும். எடைக்குப் பயந்து மண்ணே சேர்க்காத தொட்டிகளில் எவ்வளவு போட்டாலும் எதுவும் தங்காது.

ஆண்டுக்கு ஒரு சுற்றாக இதைப் பார்க்கலாம். மாசியில் குளிர்காலக் காய்கள் ஓயும்போது பாத்தியை வெறுமையாக விடாமல் பல தானியம் விதையுங்கள். சித்திரை பிறக்கையில் பூவெடுக்கும், அறுத்து அங்கேயே போட்டு மேலே சருகு மூடுங்கள். வைகாசி முழுக்க வாரம் ஒருமுறை நனைத்தால் போதும். ஆடியில் மூடாக்கை விலக்கிக் குழிக்கு இரண்டு கை மக்கு உரம் வைத்து நாற்று நடலாம். புரட்டாசியில், பெருமழைக்கு முன், மூடாக்கைத் திரும்பவும் உயர்த்துங்கள். மார்கழியில் சருகு குறைந்திருக்கும். பொங்கல் முடிந்த மறுநாள் தெருவெங்கும் கரும்புத் தோகையும் வாழைமரமும் மஞ்சள் கொத்தும் கிடக்கும். குப்பை வண்டி வருவதற்குள் எடுத்து வந்துவிடுங்கள், அடுத்த கோடைக்கு அது வேண்டியிருக்கும்.